பதிவுச் சட்டகங்களை இணைக்கும்போது எழும் பதிவு நிலைச் சிக்கல்கள்

பதிவுச் சட்டகம் என்பது, ஒரு செயலி இயங்கும்போது தன்னுள் நடப்பவற்றைச் செய்திகளாக எழுதி வைக்க உதவும் மென்பொருள் நிரலகம் ஆகும். இவ்வாறு எழுதப்படும் செய்திகளை நிரலாளர்கள் லாக் என்பர். ஒரு செய்தி எவ்வளவு முக்கியமானது என்பதைக் குறிக்கும் தரம் பதிவு நிலை அல்லது லாக் லெவல் எனப்படும். குறிப்பிட்ட நிலைக்கு மேற்பட்ட செய்திகளை மட்டும் எழுது, மற்றவற்றை விட்டுவிடு என்று சட்டகத்துக்கு ஆணையிட இந்நிலைகள் பயன்படுகின்றன.

ஒரே செயலிக்குள் இரண்டு அல்லது மூன்று பதிவுச் சட்டகங்கள் இருப்பது இயல்பானது. ஒரு சட்டகத்தின் செய்திகளை மற்றொன்றுக்குக் கடத்தும் சிறிய நிரலகம் பாலம் எனப்படும். பாலம் அமைத்த பின், அமைவுக் கோப்பில் நிலையை எவ்வளவு தாழ்த்தினாலும் எதிர்பார்த்த செய்தி வராமல் போவது அடிக்கடி எழும் சிக்கலாகும். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒன்றே: செய்தியைப் பெறும் சட்டகத்தில் நிலை மாற்றப்பட்டிருக்கும், செய்தி புறப்படும் சட்டகத்தில் மாற்றப்பட்டிருக்காது. பாலம் செய்தியைத்தான் கடத்துகிறது. நிலை அமைப்பை அது தானாகக் கடத்துவதில்லை. இக்கட்டுரை ஜாவா மொழியின் சட்டகங்களைக் கொண்டு இச்சிக்கலையும், அதைக் கண்டறிந்து தீர்க்கும் முறையையும் விளக்குகிறது.

## பதிவு நிலைகள்

ஒவ்வொரு பதிவு நிலைக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. சட்டகம் பெயர்களை ஒப்பிடுவதில்லை, எண்களையே ஒப்பிடுகிறது. ஆனால் எண்கள் சட்டகத்துக்குச் சட்டகம் வேறுபடுகின்றன. ஜாவாவுடன் வரும் ஜாவா யூட்டில் லாகிங் (சுருக்கமாக ஜேயூஎல்) சட்டகத்தில் ஃபைனஸ்ட் 300, ஃபைனர் 400, ஃபைன் 500, கான்ஃபிக் 700, இன்ஃபோ 800, வார்னிங் 900, சிவியர் 1000 ஆகும். லாக்பேக்கில் ட்ரேஸ் 5000, டீபக் 10000, இன்ஃபோ 20000, வார்ன் 30000, எரர் 40000 ஆகும். இவ்விரண்டிலும் எண் கூடக்கூடச் செய்தியின் தீவிரம் கூடுகிறது. லாக்4ஜே 2-இல் இது தலைகீழ்: ஃபேட்டல் 100, எரர் 200, வார்ன் 300, இன்ஃபோ 400, டீபக் 500, ட்ரேஸ் 600.

செய்திகளை எழுதும் பொருள் லாகர் எனப்படும். லாகர்களின் பெயர்கள் புள்ளிகளால் பிரிக்கப்பட்டு ஒரு மரம்போல் அடுக்கப்படுகின்றன. மரத்தின் உச்சியில் வேர் லாகர் உள்ளது. ஒரு லாகருக்கு நிலை எதுவும் தரப்படாவிட்டால், அது தன் தாய் லாகரின் நிலையை ஏற்கிறது. அங்கும் இல்லையெனில் இந்தத் தேடல் வேர் வரை செல்கிறது. அமைவுக் கோப்பு எதுவும் தரப்படாதபோது வேர் லாகரின் நிலை என்ன என்பதிலும் சட்டகங்கள் ஒத்துப்போவதில்லை. லாக்பேக்கில் அது டீபக், ஜேயூஎல்லில் இன்ஃபோ, லாக்4ஜே 2-இல் எரர். எனவே ஒரே நிரல் ஒரு சட்டகத்தில் ஆயிரம் வரிகள் எழுதும். மற்றொன்றில் ஒரு வரியும் எழுதாது.

## ஒரு செயலியில் பல சட்டகங்கள் இருப்பதன் காரணம்

ஜாவாவின் தொடக்கப் பதிப்புகளில் பதிவுக்கெனத் தனி வசதி இல்லை. அந்த இடைவெளியை லாக்4ஜே நிரப்பியது. 2002-இல் வெளிவந்த ஜாவா 1.4 பதிப்பில் ஜேயூஎல் சேர்க்கப்பட்டது. அதற்குள் லாக்4ஜே பரவலாகிவிட்டதால் இரண்டும் அருகருகே நிலைத்தன. லாக்4ஜேயைத் தொடங்கிய ஜெக்கி குல்ஜூ, பின்னர் எஸ்எல்எஃப்4ஜே என்ற பொது இடைமுகத்தையும் லாக்பேக் என்ற சட்டகத்தையும் உருவாக்கினார். அப்பாச்சி அறக்கட்டளை லாக்4ஜேயைப் புதிதாக எழுதி 2014-இல் லாக்4ஜே 2 என வெளியிட்டது. பழைய லாக்4ஜே 1-இன் பராமரிப்பு 2015-இல் முடிவுக்கு வந்தது.

ஒரு செயலியை எழுதுபவர் ஒரு சட்டகத்தையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர் பயன்படுத்தும் நிரலகங்களை எழுதியவர்கள் வேறு சட்டகங்களைத் தேர்ந்தெடுத்திருப்பர். எல்லாச் செய்திகளும் ஒரே கோப்பில், ஒரே வடிவில் வர வேண்டுமானால் பாலம் தேவைப்படுகிறது.

## பாலங்களின் இரு வகைகள்

பாலம் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே நிலை அமைப்புகளின் நடத்தை அமைகிறது.

முதல் வகை, பதிலீட்டுப் பாலம். லாக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே, ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே ஆகியன இவ்வகை. இவற்றில் பழைய சட்டகத்தின் வகுப்புகள் அதே பெயரில், வேறு உள்ளடக்கத்துடன் மீண்டும் எழுதப்பட்டுள்ளன. பழைய சட்டகத்தின் ஜார் கோப்பு நீக்கப்பட்டு, அந்த இடத்தில் பாலத்தின் ஜார் வைக்கப்படுகிறது. இங்கே புறப்படும் இடத்தில் தனி வடிகட்டல் இல்லை. பெறும் சட்டகத்தின் நிலையே முடிவு செய்கிறது. ஆகவே பழைய லாக்4ஜே அமைவுக் கோப்பில் எழுதிய நிலைகளை எவரும் படிப்பதில்லை. நிரலுக்குள்ளிருந்து லாக்4ஜே லாகரின் நிலையை மாற்றும் ஆணையும் பயனற்றுப் போகிறது. பிழைச் செய்தி எதுவும் வராததால், அமைவு ஏற்கப்பட்டதாகவே பார்ப்பவர் எண்ணக்கூடும்.

இரண்டாம் வகை, கேட்புப் பாலம். ஜேயூஎல்லுக்கான ஜேயூஎல்-டு-எஸ்எல்எஃப்4ஜே இவ்வகை. ஜேயூஎல் ஜாவாவின் பகுதியாகவே வருவதால் அதன் வகுப்புகளை ஜார் கோப்பை மாற்றி நீக்க இயலாது. எனவே இந்தப் பாலம், ஜேயூஎல்லின் வேர் லாகரில் ஒரு ஹேண்ட்லராகச் சேர்ந்து, அங்கு வந்து சேரும் செய்திகளை எஸ்எல்எஃப்4ஜேவுக்கு அனுப்புகிறது. ஹேண்ட்லர் என்பது, லாகர் ஏற்றுக்கொண்ட செய்தியைப் பெற்று எழுதும் பொருள். அதாவது, ஜேயூஎல் லாகரின் நிலைச் சோதனையைத் தாண்டிய செய்தி மட்டுமே பாலத்தின் வாசலுக்கு வருகிறது. இந்த வகையில்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

## எடுத்துக்காட்டு: தரவுத்தள இயக்கியின் செய்திகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கான ஜாவா இயக்கி, 42.0.0 பதிப்பிலிருந்து ஜேயூஎல்லைப் பயன்படுத்துகிறது. லாக்பேக்கைப் பயன்படுத்தும் ஒரு செயலியில் இந்த இயக்கி இருப்பதாகக் கொள்வோம். தரவுத்தள இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகிறது. காரணம் அறிய, நிரலாளர் ஜேயூஎல்-டு-எஸ்எல்எஃப்4ஜே பாலத்தைச் சேர்த்து, லாக்பேக் அமைவில் ஆர்க்.போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற லாகரின் நிலையை ட்ரேஸ் ஆக்குகிறார். செயலியை மீண்டும் தொடங்குகிறார். ஒரு வரியும் வரவில்லை.

இயக்கி எழுதிய ஃபைனஸ்ட் செய்தி ஒன்று கோப்பை அடைய ஐந்து வாசல்களைக் கடக்க வேண்டும்:

1. ஜேயூஎல் லாகரின் நிலை. ஆர்க்.போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு ஜேயூஎல்லில் நிலை தரப்படாததால் வேரின் இன்ஃபோ (800) பொருந்துகிறது. ஃபைனஸ்ட் 300 என்பதால் செய்தி இங்கேயே கைவிடப்படுகிறது.
2. வேர் வரை செல்லும் வழி. ஜேயூஎல் லாகர் ஒன்றில் தாய் ஹேண்ட்லர்களைப் பயன்படுத்தாதே என அமைத்திருந்தால், செய்தி வேரில் உள்ள பாலத்தை அடையாது.
3. பாலம். இது ஹேண்ட்லராக நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஜார் கோப்பைச் சேர்ப்பது மட்டும் போதாது; நிரல் மூலமோ ஜேயூஎல்லின் அமைவுக் கோப்பு மூலமோ நிறுவ வேண்டும்.
4. லாக்பேக் லாகரின் நிலை. நிரலாளர் மாற்றியது இதை மட்டுமே.
5. அப்பெண்டரின் வடிகட்டி. கோப்பில் எழுதும் அப்பெண்டருக்கு இன்ஃபோ அளவில் ஒரு வடிகட்டி இருந்தால், இதுவரை கடந்து வந்த செய்தியும் இங்கே நின்றுவிடும்.

வாசல்களின் வரிசையே இங்கு முதன்மையானது. பின்னால் உள்ள வாசல், முன்னால் உள்ளது விட்ட செய்தியைத் தடுக்க முடியும். முன்னால் தடுக்கப்பட்ட செய்தியைத் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே செய்தி புறப்படும் இடத்திலிருந்து சோதிக்கத் தொடங்க வேண்டும். நான்காவது வாசலில் நின்றுகொண்டு நிலையை எத்தனை முறை மாற்றினாலும் முதல் வாசல் திறக்காது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, ஜேயூஎல்லிலும் அதே லாகருக்கு ஃபைனஸ்ட் நிலையைத் தருவது. மற்றொன்று, லாக்பேக்கில் உள்ள லெவல் சேஞ்ச் புரொப்பகேட்டர் என்ற கூறினை அமைவில் சேர்ப்பது. லாக்பேக்கில் மாறும் நிலைகளை இக்கூறு ஜேயூஎல்லுக்கும் கொண்டு செல்கிறது. இது லாக்பேக் 0.9.25 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. ஸ்பிரிங் பூட் சட்டகம், லாக்பேக்குடன் இந்தப் பாலத்தை நிறுவும்போது இக்கூறினையும் தானே சேர்த்துவிடுகிறது. ஸ்பிரிங் பூட்டில் இயங்கிய அமைவு, அது இல்லாத செயலியில் இயங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## நிலைகளைப் பெயர்க்கும்போது ஏற்படும் இழப்பு

ஜேயூஎல்லில் ஏழு நிலைகளும் எஸ்எல்எஃப்4ஜேவில் ஐந்து நிலைகளும் உள்ளன. எனவே சில நிலைகள் ஒன்றாகக் கலக்கின்றன. லாக்4ஜே 2 தன் சொந்தப் பாலமான லாக்4ஜே-ஜேயூஎல்லில் வேறொரு பெயர்ப்பைப் பின்பற்றுகிறது.

| ஜேயூஎல் நிலை | எஸ்எல்எஃப்4ஜே பாலத்தில் | லாக்4ஜே-ஜேயூஎல் பாலத்தில் |
|---|---|---|
| சிவியர் | எரர் | எரர் |
| வார்னிங் | வார்ன் | வார்ன் |
| இன்ஃபோ | இன்ஃபோ | இன்ஃபோ |
| கான்ஃபிக் | இன்ஃபோ | கான்ஃபிக் (தனி நிலை) |
| ஃபைன் | டீபக் | டீபக் |
| ஃபைனர் | டீபக் | ட்ரேஸ் |
| ஃபைனஸ்ட் | ட்ரேஸ் | ஃபைனஸ்ட் (தனி நிலை) |

ஒரு ஃபைனர் செய்தி முதல் பாலத்தில் டீபக் ஆகவும் இரண்டாவதில் ட்ரேஸ் ஆகவும் வருகிறது. லாக்பேக்கிலிருந்து லாக்4ஜே 2-க்கு மாறும் செயலியில், டீபக் அளவில் முன்பு தெரிந்த சில வரிகள் மறைவதற்கு இது காரணமாகலாம்.

எதிர்த்திசைப் பெயர்ப்பில் மற்றொரு நுட்பம் உள்ளது. லெவல் சேஞ்ச் புரொப்பகேட்டர், லாக்பேக்கின் டீபக்கை ஜேயூஎல்லின் ஃபைன் ஆகவும், இன்ஃபோவை ஜேயூஎல்லின் இன்ஃபோ ஆகவும் அமைக்கிறது. ஃபைனர் (400) செய்தி பாலத்தைக் கடந்தால் டீபக் ஆகியிருக்கும். ஆனால் ஜேயூஎல் வாசல் ஃபைன் (500) அளவில் இருப்பதால் அது பாலத்தையே அடையாது. கான்ஃபிக் செய்திகளுக்கும் இதே நிலை: பெயர்த்தால் இன்ஃபோ, ஆனால் இன்ஃபோ அமைவில் அவை வருவதில்லை. இவை தேவைப்பட்டால் லாக்பேக்கில் ஒரு படி கீழே, அதாவது முறையே ட்ரேஸ், டீபக் என அமைக்க வேண்டும்.

லாக்4ஜேயின் ஃபேட்டல் நிலைக்கு எஸ்எல்எஃப்4ஜேவில் இணை இல்லை; அது எரர் ஆகிறது. ஃபேட்டல் என்ற சொல்லைத் தேடி எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்பு அமைப்பு, பாலம் போட்ட நாளிலிருந்து அமைதியாகிவிடும். பாலத்தை மாற்றும்போது எச்சரிக்கை விதிகளையும் மறுபார்வை செய்வது இதனால் தேவையாகிறது.

## பிற கோளாறுகள்

செய்தி இரட்டித்தல். ஒரே செய்தி இருமுறை, வெவ்வேறு வடிவில் வந்தால், ஜேயூஎல்லின் பழைய கன்சோல் ஹேண்ட்லர் நீக்கப்படவில்லை என்று பொருள். பாலத்தை நிறுவும் முன் வேர் லாகரின் ஹேண்ட்லர்களை நீக்க வேண்டும். அந்தக் கன்சோல் ஹேண்ட்லருக்கும் தனியாக இன்ஃபோ நிலை உண்டு; எனவே இன்ஃபோவும் அதற்கு மேற்பட்டவையும் மட்டும் இரட்டிப்பதைக் காணலாம்.

முடிவிலாச் சுழற்சி. ஜேயூஎல்லிலிருந்து எஸ்எல்எஃப்4ஜேவுக்கு ஒரு பாலமும், எஸ்எல்எஃப்4ஜேவிலிருந்து ஜேயூஎல்லுக்கு மற்றொரு இணைப்பும் ஒருசேர இருந்தால், செய்தி இரண்டுக்கும் இடையே ஓயாமல் சுற்றும். லாக்4ஜேவுக்கும் எஸ்எல்எஃப்4ஜேவுக்கும் இடையே இருதிசைப் பாலங்கள் வைத்தாலும் இதுவே நேரும். விளைவு பெரும்பாலும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழை. எல்லாப் பாலங்களும் ஒரே சட்டகத்தை நோக்கியே இருக்க வேண்டும்.

அமைத்த நிலை மறைதல். ஜேயூஎல் தன் லாகர்களை வலுவற்ற சுட்டுகளால் மட்டுமே பிடித்து வைக்கிறது. நிரலுக்குள் ஒரு லாகரைப் பெற்று, நிலையை மாற்றி, அதை வேறெங்கும் சேமிக்காமல் விட்டால், நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் அந்த லாகரை நீக்கக்கூடும். அடுத்து அதே பெயரில் உருவாகும் லாகர் புதியது. அதில் மாற்றிய நிலை இருக்காது. தொடங்கியபோது வந்த செய்திகள் சிறிது நேரத்தில் நின்றுபோனால் இதை ஐயுறலாம். லாகரை ஒரு நிலையான மாறியில் வைத்திருப்பது இதற்குத் தீர்வு. ஜேயூஎல் அமைவுக் கோப்பில் எழுதிய நிலைகள் லாகர் உருவாகும் ஒவ்வொரு முறையும் பொருத்தப்படுவதால் அவற்றுக்கு இச்சிக்கல் இல்லை.

காலம் தவறிய அமைவு. லாக்4ஜே-ஜேயூஎல் பாலம், ஜேயூஎல்லின் லாக் மேனேஜரையே மாற்றுகிறது. எந்த மேனேஜர் என்பதைக் கூறும் பண்பு, ஜேயூஎல் முதன்முதலில் அழைக்கப்படும் முன்பே அமைந்திருக்க வேண்டும். செயலியின் நடுவே அமைத்தால் பயனில்லை. ஜாவாவைத் தொடங்கும் கட்டளை வரியிலேயே தருவது பாதுகாப்பானது.

எழுதும் சட்டகம் இல்லாமை. எஸ்எல்எஃப்4ஜே ஓர் இடைமுகம் மட்டுமே. தானாக எதையும் எழுதாது. கிளாஸ்பாத்தில் பொருத்தமான சட்டகம் இல்லாவிட்டால், தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை தந்துவிட்டு எல்லாச் செய்திகளையும் கைவிடுகிறது. எஸ்எல்எஃப்4ஜே 2.0, சட்டகத்தைக் கண்டறியும் முறையை மாற்றியது, 1.7-க்காக எழுதப்பட்ட பழைய லாக்பேக் பதிப்பை அது பொருட்படுத்துவதில்லை. பதிப்புகள் பொருந்துகின்றனவா என்பதைச் சோதிக்காமல் நிலைகளை மாற்றுவது வீண் உழைப்பாகும்.

## செயல்திறன்

முதல் வாசலைத் திறந்து வைப்பதற்கு ஒரு விலை உண்டு. ஜேயூஎல் வேரை ஃபைனஸ்டுக்குத் தாழ்த்தி, வடிகட்டலை லாக்பேக்கிடம் விட்டுவிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அப்போது எழுதப்படாமல் போகும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பதிவுப் பொருள் உருவாக்கப்பட்டு, பாலத்தைக் கடந்து, அதன் பின்னரே கைவிடப்படுகிறது. இவ்வாறு கைவிடப்படும் செய்திகளுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 60 மடங்கு உயர்கிறது என்றும், எழுதப்படும் செய்திகளுக்கு 20 விழுக்காடு கூடுகிறது என்றும் எஸ்எல்எஃப்4ஜே ஆவணம் எச்சரிக்கிறது. லெவல் சேஞ்ச் புரொப்பகேட்டர், தேவையற்ற செய்திகளைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்துவதால் அந்த 60 மடங்குச் சுமையை நீக்குகிறது.

## சோதிக்கும் வரிசை

1. செய்தியை எழுதும் நிரலகம் எந்தச் சட்டகத்தை அழைக்கிறது என்பதை அதன் மூலநிரலிலோ ஆவணத்திலோ காண்க.
2. செயலியின் சார்பு நிரலகப் பட்டியலை மேவன் அல்லது கிரேடில் கருவியால் எடுத்து, எந்தப் பாலங்கள் உள்ளன, எதிரெதிர்ப் பாலங்கள் உள்ளனவா, எழுதும் சட்டகம் ஒன்றுதானா என்று பார்க்க.
3. புறப்படும் சட்டகத்தில் அந்த லாகருக்கு ஃபைன் போன்ற ஒரு நிலை திறந்துள்ளதா என்பதை, நிரலுக்குள்ளிருந்தே அந்த லாகரிடம் கேட்டு அச்சிடுக. இல்லை என்ற விடை வந்தால் கோளாறு பாலத்துக்கு முன்னே உள்ளது.
4. அதே லாகர் பெயரில் சிவியர் செய்தி ஒன்றை எழுதிப் பார்க்க. அது வந்தால் வழி சரி, நிலைதான் தடை. அதுவும் வராவிட்டால் முதலில் பாலத்தையும் எழுதும் சட்டகத்தையும் சரிசெய்க.
5. பெறும் சட்டகம் எந்த அமைவுக் கோப்பைப் படித்தது என்பதை உறுதிசெய்க. லாக்பேக்கில் அமைவின் டீபக் பண்பையும், லாக்4ஜே 2-இல் ஸ்டேட்டஸ் பண்பையும் இயக்கினால் அவை தம் உள்நிலையைத் தெரிவிக்கும்.
6. இறுதியாக அப்பெண்டர் வடிகட்டிகளைப் பார்க்க.

நான்காம் படி, தவறிய அமைவையும் உடைந்த வழியையும் ஒரே சோதனையில் பிரித்துக் காட்டிவிடுகிறது.

## பிற மொழிகளில்

இந்த வரிசை ஜாவாவுக்கு மட்டும் உரியதன்று. பைத்தானின் அடிப்படை லாகிங் கூறில் வேர் லாகரின் இயல்பு நிலை வார்னிங் (30). அதன் செய்திகளை லோகுரு என்ற நிரலகத்துக்குத் திருப்ப ஒரு ஹேண்ட்லர் எழுதப்படுகிறது. லோகுருவில் டீபக் என அமைத்தாலும், அடிப்படைக் கூறின் வேர் வார்னிங்கில் இருந்தால் இன்ஃபோ செய்திகள் வாரா. அதனால்தான் இத்தகைய இணைப்பில் அடிப்படைக் கூறின் நிலை 0 என அமைக்கப்படுகிறது.

## பாதுகாப்பும் நம்பகத்தன்மையும்

நிலையைத் தாழ்த்துவது தகவலை வெளிப்படுத்துவதும் ஆகும். தரவுத்தள இயக்கியின் ஃபைனஸ்ட் செய்திகளில், வினவலுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்புகளும் இடம்பெறக்கூடும். பயனரின் தொலைபேசி எண்ணோ முகவரியோ அந்த மதிப்பாக இருந்தால், அது லாக் கோப்பில் எழுதப்பட்டு, அக்கோப்பைப் படிக்கும் எவருக்கும் தெரியவரும். எனவே தேவையான லாகரை மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுவதே முறை.

எந்தச் சட்டகம் உண்மையில் எழுதுகிறது என்பதை அறிந்திருப்பதன் தேவையை 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் பாதுகாப்புக் குறை உணர்த்தியது. அக்குறை லாக்4ஜே 2-இன் கோர் நிரலகத்தில் இருந்தது. அதன் இடைமுகத்தையும் எஸ்எல்எஃப்4ஜேவுக்கான பாலத்தையும் மட்டும் வைத்திருந்த செயலிகள் அதனால் பாதிக்கப்படவில்லை. தம் செயலியின் பாலங்களை அறிந்தவர்களால் அதை விரைவில் உறுதிசெய்ய முடிந்தது.

வெற்று லாக் கோப்புக்கு இரண்டு பொருள்கள் இருக்கலாம்: எதுவும் நடக்கவில்லை, அல்லது நடந்தது எழுதப்படவில்லை. கோப்பை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பாலம் அமைத்த அன்றே, ஒவ்வொரு சட்டகத்திலிருந்தும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு சோதனைச் செய்தியை அனுப்பி, எவை வந்தன, எந்த நிலையில் வந்தன என்று குறித்து வைத்தால், கோளாறு நேரும் நாளில் அந்தக் கோப்பை நம்பிப் படிக்கலாம்.